ஒரு புள்ளி குறைந்த விளம்பரம்

போன மாதம் பிரியாவிடமிருந்து போன் வந்தது. நான் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருந்த அதே பிரிவில், அதே சன்னலோர மேசையில் இப்போது வேலை பார்க்கிற பெண். பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பணிக்கான விண்ணப்பங்கள் எல்லாம் இணையத்துக்குப் போய்விட்டதால், எங்கள் பிரிவின் இரும்பு பீரோக்களைக் காலி செய்துகொண்டிருக்கிறார்களாம்.

"மேடம், மேல்தட்டுல ஒரு கட்டு கெடைச்சிருக்கு. அட்டை மேல உங்க கையெழுத்துல 'மனம்'னு மட்டும் எழுதியிருக்கு. இதை எந்தத் தலைப்புல அழிக்கிறது?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மனத்தையெல்லாம் அழிச்சுடாதீங்கம்மா. எடுத்து வைங்க, என்ன ஏதுன்னு எழுதியே அனுப்புறேன்" என்றேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் வாயால் சொன்னால், நான் செய்த தவறைப் பாதி வழியில் வேறு யார் தலையிலாவது இறக்கி வைத்துவிடுவேன். அதில் எனக்குப் பழக்கம் உண்டு.

நான் வலங்கைமான் பக்கத்து ஆள். அப்பாவும் அம்மாவும் ஊரார் வயலில் கூலிக்கு உழைத்தவர்கள். பள்ளிக்கூட விடுமுறையில் நானும் நாற்றுப் பறித்திருக்கிறேன், முடிச்சுக் கட்டியிருக்கிறேன், அட்டைக்குப் பயந்து வரப்பிலேயே நின்று திட்டும் வாங்கியிருக்கிறேன். பிறகு தட்டச்சு படித்து, தேர்வு எழுதி, பல்கலைக்கழகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் சில ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல ஒரு வரி போதும்: கவர் ஒட்டினேன், நூல் கோத்தேன், முத்திரை குத்தினேன். அதன்பின் ஆசிரியர் நியமனப் பிரிவுக்கு மாற்றினார்கள். கடைசிவரை அங்கேதான்.

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு பேராசிரியர் நியமனம் என்றால் நேர்காணல் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். நேர்காணல் என்பது பந்தியில் இலை போடுகிற நேரம். அதற்கு முன்னால் அடுப்படியில் நடக்கிறதெல்லாம் எங்கள் பிரிவில் நடக்கும். ஓர் இடம் காலியாக வேண்டும். அதை நிரப்ப அனுமதி வர வேண்டும். அந்த இடம் இனச்சுழற்சியில் எந்தப் பிரிவினருக்கு என்று கணக்கிட வேண்டும். விளம்பரம் போக வேண்டும். மூட்டை மூட்டையாக வரும் விண்ணப்பங்களுக்கு எண் போட வேண்டும். யாருக்குத் தகுதி இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பட்டியல் கட்ட வேண்டும். தகுதி இல்லை என்றால் ஏன் இல்லை என்று பட்டியலின் கடைசிக் கட்டத்தில் ஒரு வரி எழுத வேண்டும். அந்த ஒரு வரிக்காகத்தான் நீதிமன்றத்துக்குப் போவார்கள்.

அந்தக் கால விண்ணப்பங்கள் தனியாக வராது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். விபூதிப் பொட்டலம் விழும். நாகூரில் ஓதிக் கட்டிய கயிறு, வேளாங்கண்ணி மாதா படம், காய்ந்த துளசி என்று எல்லாக் கடவுள்களும் எங்கள் பிரிவுக்கு இணைப்பாக வந்து சேர்ந்தார்கள். எங்கள் துணைப் பதிவாளர் ஹாஜா சார் அவற்றைப் பதமாகப் பிரித்தெடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார்.

"இதெல்லாம் அட்டெஸ்ட் பண்ணாத இணைப்பும்மா. கணக்குல சேராது. அதுக்காகத் தூக்கிப் போடவும் கூடாது."

ஹாஜா சார் அதிராம்பட்டினத்துக்காரர். வீட்டில் எல்லோரும் வியாபாரம். அண்ணன்மார் இரண்டு பேர் துபாயில் கடை வைத்திருந்தார்கள். கோப்புப் பார்க்க வந்தவர் அவர் ஒருவர்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் பெருமை. "எங்க பெரியண்ணன் ஊருக்கு வரும்போதெல்லாம் கேப்பாரு, ஏன்டா இன்னும் அந்தக் காகிதத்தையேதான் அடுக்கிட்டிருக்கியான்னு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவருக்கு மூன்று பழக்கங்கள் உண்டு. எந்த விண்ணப்பத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். "முதல் பக்கத்துல எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க. பின்னாடி போகப் போகத்தான் கை ஓஞ்சு நெசம் வெளிய வரும்." இரண்டாவது, மூன்று முறை படிக்கும்வரை பேனாவைத் தொடமாட்டார். காதில் செருகிய பென்சிலால்தான் எல்லாம். மூன்றாவது, யாரிடமும் முடியாது என்று சொல்லமாட்டார். "பாக்கலாம்" என்பார். வெடுக்கென்று சொன்னால் நடக்காது என்று அர்த்தம். இழுத்துச் சொன்னால் அடுத்த வாரம். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னால், அந்த வேலை எப்படியும் நடந்துவிடும். மூன்றாவது வகைப் 'பாக்கலாம்' ஆண்டுக்கு ஒன்றிரண்டுதான் கிடைக்கும்.

இனி கதைக்கு வருகிறேன். சுனாமி வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மண் அறிவியல் துறையில் நெடுநாளாகக் காலியாக இருந்த ஓர் உதவிப் பேராசிரியர் இடத்துக்கு ஒருவழியாக அனுமதி வந்தது. கடலோர வயல்களில் உப்பு ஏறிக் கிடந்த நேரம். துறையில் இருந்தவர்கள் ஆள் வேண்டும், ஆள் வேண்டும் என்று எழுதிக் கோப்பே இரண்டு தொகுதி ஆகியிருந்தது. ஆங்கிலத்திலும் தமிழிலும் விளம்பரம் தயாரானது. தமிழ் விளம்பரத்தின் மெய்ப்பை, அதாவது அச்சுக்குப் போகும்முன் ஒப்பிட்டுப் பார்க்கும் படியை, திருத்தும் பொறுப்பு என்னுடையது.

முதல் மெய்ப்பில் 'மன் அறிவியல்' என்று இருந்தது. ரெண்டு சுழி 'ன்'. பென்சிலால் அதைச் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, மூணு சுழி 'ண்' எழுத வேண்டும். நான் வட்டத்தைப் போட்டேன். வட்டம் என்னவோ எழுத்தை விட்டு ஏறி, தலையில் இருந்த புள்ளியைத்தான் சுற்றியது. ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை. எங்கள் பிரிவுத் தட்டச்சர் அதைப் பார்த்துவிட்டு, புள்ளியை எடுக்கச் சொல்கிறேன் என்று நினைத்து எடுத்துவிட்டார். இரண்டாவது மெய்ப்பு 'மன அறிவியல்' என்று வந்தது.

அது ஒரு புதன்கிழமை. எங்கள் கேன்டீனில் புதன்கிழமை மட்டும் மீன் குழம்பு. ஒன்றேகாலுக்கு மேல் போனால் குழம்பு இருக்கும், மீன் இருக்காது. மணி ஒன்று பத்து. நான் சம்பள விகிதம் பார்த்தேன், கடைசித் தேதி பார்த்தேன், விளம்பர எண் பார்த்தேன். 'ஒப்பிட்டேன், சரி' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். ஹாஜா சார் என் கையொப்பத்தைப் பார்த்துத் தன் கையொப்பத்தைப் போட்டார். அன்றைக்கு எனக்கு வாளை மீன் துண்டு இரண்டு கிடைத்தது என்பதையும் உண்மையாகவே பதிவு செய்துவிடுகிறேன்.

விளம்பரம் வெளியான மூன்றாம் நாள் முதல் போன் வந்தது.

"மேடம், மனசு சம்பந்தமா ஆள் எடுக்கிறீங்களாமே?"

"மனசா? இல்லைங்களே."

"பேப்பர்ல போட்டிருக்கே. நான் பதினஞ்சு வருஷமா மனக்கஷ்டத்துல இருக்கேன். அந்த அனுபவம் போதுமா மேடம்?"

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து வைத்துவிட்டேன். பிறகு செய்தித்தாளை எடுத்துப் பார்த்தேன். சேற்றில் கால் வைத்து வளர்ந்தவள், மண்ணை மனமாக்கிப் பத்திரிகையில் போட்டிருக்கிறேன்.

அதற்குள் தபால் பிரிவிலிருந்து விண்ணப்பங்கள் வரத் தொடங்கிவிட்டன. மனோதத்துவம் படித்தவர்கள் வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கல்வித் தகுதி இணையதளத்தில் இருக்கிறது என்று விளம்பரத்தில் ஒரு வரி இருந்தது. அதைப் பார்க்கிற வழக்கம் நம்மில் யாருக்கு உண்டு? யோகா ஆசிரியர்கள் வந்தார்கள். கும்பகோணத்திலிருந்து ஒரு மனவசியக் கலை நிபுணர், இரண்டு கைகளையும் நெற்றிப்பொட்டில் வைத்து நம்மையே முறைக்கிற மாதிரி எடுத்த புகைப்படத்தை ஒட்டியிருந்தார். அந்தப் படத்தை ஹாஜா சார் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் மற்ற பக்கங்களைப் படித்தார்.

"வளர்மதி, இது என்னம்மா? பேப்பர்காரங்க தப்பா?"

நான் தலையாட்டினேன். ஆமாம் என்றும் இல்லாமல் இல்லை என்றும் இல்லாமல், கோயில் மாடு மாதிரி ஓர் ஆட்டு. அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு பதிவாளரிடம் போய், அச்சுப்பிழை என்று சொல்லிவிட்டார். விளம்பர முகவரைக் கூப்பிட்டார்கள். அவர் கெட்டிக்கார மனிதர். தன்மேல் தவறில்லை என்று தெரிந்தும் வாடிக்கையைக் கெடுத்துக்கொள்ளாமல், "பரவால்லைங்க சார், திருத்தம் நாங்களே போட்டுத் தந்துடுறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் தவறு அழகாக அடுத்த வீட்டுக்குக் குடிபோய்விட்டது.

திருத்த அறிவிப்பையும் நான்தான் எழுதினேன். 'மன அறிவியல் என்பதை மண் அறிவியல் எனத் திருத்தி வாசிக்கவும்' என்பதோடு நிறுத்தியிருக்கலாம். மனவசியக்காரர் மறுபடி வந்துவிடுவாரோ என்ற பயத்தில், 'முன்னர் விண்ணப்பித்தவர்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்' என்று இன்னொரு வரி சேர்த்தேன். கடைசித் தேதியும் தள்ளி வைக்கப்பட்டது. பழைய விண்ணப்பங்களைக் கட்டி 'மனம்' என்று எழுதி பீரோவின் மேல்தட்டில் ஏற்றினேன். புதிதாக வந்தவற்றைக் கட்டி 'மண்' என்று எழுதி மேசையில் வைத்தேன். பிரியா கண்டெடுத்தது அந்த முதல் கட்டின் மிச்சம்.

'மண்' கட்டைப் பரிசீலித்துப் பட்டியல் தயாரானது. நேர்காணலுக்கு இரண்டு வாரம் இருந்தது. சும்மா இருந்த ஒரு மத்தியான வேளையில், 'மனம்' கட்டுக்காரர்களுக்கு அவரவர் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பலாம் என்று கட்டை இறக்கிப் பிரித்தேன். யோகா ஆசிரியர் ஒருவருக்கும் ஜோதிடர் ஒருவருக்கும் நடுவில் இருந்தது முத்துக்குமரனின் விண்ணப்பம்.

நாகப்பட்டினத்து மீனவக் குடும்பம். கடல் புகுந்த நெல்வயல்களில் உப்பை எப்படி வெளியேற்றுவது என்பதில் முனைவர் பட்டம். துறை கேட்ட ஆள் அச்சு அசலாக இவர்தான். விண்ணப்பத்தோடு ஒரு கடிதம் வைத்திருந்தார்:

'ஐயா, தங்கள் விளம்பரத்தில் மன அறிவியல் என உள்ளது. தங்கள் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு துறை இல்லை. இணையதளத்தில் கேட்டுள்ள தகுதியும் மண்ணுக்கு உரியதாக இருக்கிறது. ஆகவே இது மண் அறிவியலே எனக் கருதி விண்ணப்பிக்கிறேன். கருதியது தவறெனில் பொறுத்துக்கொள்ளவும்.'

இவ்வளவு பேர் விண்ணப்பித்ததில் யோசித்து விண்ணப்பித்தவர் இவர் ஒருவர். நான் அவரை வசியக்காரரோடு சேர்த்துக் கட்டி மேலே போட்டிருக்கிறேன். அவர் மறுபடி விண்ணப்பிக்கவில்லை. ஏன் செய்வார்? சரியாக விண்ணப்பித்துவிட்ட மனிதர் திருத்த அறிவிப்பைத் தேடிக்கொண்டா இருப்பார்? நீட்டித்த கடைசித் தேதியும் முடிந்துபோயிருந்தது.

ஒரு நிமிடம், கட்டை அப்படியே திரும்பக் கட்டிவிடலாமா என்று தோன்றியது. யாருக்கும் தெரியப்போவதில்லை. விதி என் பக்கம் இருந்தது. நானே எழுதிய விதி. ஆனால் அந்தக் கடிதத்தின் கடைசி வரியில் அவர் என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டிருந்தார். அதுதான் என்னை உட்காரவிடவில்லை. எடுத்துக்கொண்டு ஹாஜா சார் அறைக்குப் போனேன்.

அவர் வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். அங்கே வெள்ளையாகப் பூத்துக் கிடந்த ஒரு வயலின் படமும், அதே வயலில் ஓராண்டு கழித்துக் கதிர் நிற்கிற படமும் ஒட்டியிருந்தன.

"எங்க ஊர்ப் பக்கம் வயல்ல உப்பு ஏறினா வித்துட்டுக் கடை வெச்சிருவாங்கம்மா. இந்தப் பையன் அதுல நெல்லு போட்டிருக்கான்." பின்னாலிருந்து முன்னால்வரை ஒரு முறை, பிறகு இன்னொரு முறை. கடிதத்தை மட்டும் மூன்று முறை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பாக்கலாம்."

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை.

"இதுல ஒரு சிக்கல் இருக்கு. தப்பு பேப்பர்காரங்களோடதுன்னா, நாம திருத்தம் போட்டாச்சு, மறுபடி கேட்டாச்சு, இவரு அனுப்பல. முடிஞ்சு போச்சு. நமக்குப் பொறுப்பு இல்ல. தப்பு நம்மளோடதுன்னா கதை வேற. நாம செஞ்ச தப்புக்கு, சரியாப் புரிஞ்சுக்கிட்ட ஆளைத் தள்ள முடியாது. தள்ளினா கோர்ட்ல நிக்காது. அதனால ஒண்ணே ஒண்ணு சொல்லு. யாரோட தப்பு?"



"என்னோடது சார்."

"பேப்பர்காரங்கன்னு சொன்னியே?"

"சொல்லல சார். தலையை ஆட்டினேன்."

கோபம் வரும் என்று நின்றேன். "அதுவும் நல்லாத்தான் ஆட்டியிருக்க. நான் பதிவாளர்கிட்ட சத்தியம் பண்ணாத குறை" என்றார். "போ. நோட்டு எழுதிக் கொண்டா."

கோப்பில் எழுதுகிற குறிப்பை நாங்கள் நோட்டு என்போம். இடப்பக்கம் நான்கு விரல் இடம் விட்டு, பத்திக்கு எண் போட்டு, 'பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது' என்று முடிக்க வேண்டும். நான் அதில் கைதேர்ந்தவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டாம் பத்தியில் அவர் பென்சில் நின்றது.

"'மெய்ப்புத் திருத்துகையில் பிழை நேர்ந்துள்ளது.' தானா நேர்ந்துச்சா? என்னம்மா இது, ஐப்பசி மழையா, தானா வந்து பேய்றதுக்கு?"

மாற்றி எழுதிக் கொண்டுபோனேன்.

"'பிரிவில் பிழை செய்யப்பட்டுள்ளது.' பிரிவுன்னா யாரு? அந்த பீரோவா?"

நாற்காலிக்குத் திரும்பி வந்து காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான குறிப்புகள் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றிலும் காரியங்கள் நடந்திருக்கின்றன, முடிவுகள் எடுக்கப்பட்டிருக்கின்றன, தாமதங்கள் ஏற்பட்டிருக்கின்றன. ஒன்றில்கூட ஓர் ஆள் இல்லை. 'என்னால்' என்ற சொல்லை நான் அலுவலகத் தாளில் எழுதியதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நான்கெழுத்து. எழுத அரை மணி நேரம் ஆனது.

'முதல் மெய்ப்பை நான் தவறாகக் குறித்தேன். இரண்டாம் மெய்ப்பைச் சரிவரப் படிக்காமல் கையொப்பமிட்டேன். இப்பிழை என்னால் நேர்ந்தது. பத்திரிகைக்கோ முகவருக்கோ இதில் பங்கில்லை.'

மீன் குழம்பை மட்டும் விட்டுவிட்டேன்.

ஹாஜா சார் படித்தார். பிறகு காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, மூன்றாவது முறை படிக்காமலேயே பேனாவைத் திறந்தார். என் குறிப்புக்குக் கீழே எழுதினார்: 'நானும் மெய்ப்பைப் பார்க்காமலே ஒப்பமிட்டேன். அச்சுப்பிழை எனப் பதிவாளரிடம் நான் கூறியது தவறு. விண்ணப்பத்தை ஏற்கலாம்.' எழுதி முடித்து மை காய ஊதிக்கொண்டே, "இத எங்க பெரியண்ணன் பாத்தா, இதுக்கு நம்ம கடையிலேயே உக்காந்திருக்கலாமேடான்னுவாரு" என்றார்.

மறுநாள் பதிவாளர் எங்கள் இருவரையும் அழைத்தார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஹாஜா, நீங்க சொன்னா நான் ரெண்டாவது தடவ கேக்கறதில்ல. இனிமே கேக்கணும் போல." சார் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க வலங்கைமான் பக்கம்தானே? மண்ணுன்னா என்னன்னு உங்களுக்குமா தெரியாது?"

பதிவாளர் கோப்பில் இரண்டே வரி எழுதினார். விண்ணப்பம் ஏற்கப்படுகிறது. தவறிழைத்த உதவியாளருக்குக் குறிப்பாணை வழங்கி விளக்கம் பெறவும்.

இனி நடந்ததைக் கேட்டால் பிரியா நம்பமாட்டாள். மெமோ எனப்படும் குறிப்பாணைகளையெல்லாம் எங்கள் பிரிவில் வரைவு செய்பவள் நான். ஆகவே எனக்கான குறிப்பாணையையும் நானே வரைந்தேன். 'திருமதி வளர்மதி அவர்களின் கவனக்குறைவால்' என்று நானே எழுதி, நானே தட்டச்சுக்குக் கொடுத்து, வந்ததை நானே எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன். அன்றைக்கு ஒரு புள்ளிகூடத் தப்பவில்லை. அனுப்புகை எண் போட்டு, கவரில் வைத்து, என் மேசையின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி, நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்திட்டேன். ஹாஜா சார் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேதி போடலியேம்மா" என்றார்.

போட்டேன். விளக்கம் கொடுத்தேன். எச்சரிக்கை என்று பணிப்பதிவேட்டில் ஒரு வரி ஏறியது. வீட்டில் சொன்னபோது அப்பா, "இத்தனை வருஷத்துல ஒண்ணுதானா?" என்று கேட்டார். ஆறுதலா, கிண்டலா என்று இன்றுவரை தெரியவில்லை.

நேர்காணல் நாளன்று சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, ஒல்லியாக, கறுப்பாக ஒருவர் வந்து உட்கார்ந்தார். முத்துக்குமரன். அவருடைய சான்றிதழ்கள் எல்லாவற்றிலும் 'இரண்டாம் படி' என்று முத்திரை இருந்தது.

"ஒரிஜினல் எங்கங்க?"

"கடல்ல இருக்கு மேடம்." சாதாரணமாகத்தான் சொன்னார். "வீட்டோட போயிடுச்சு. எல்லாத்துக்கும் மறுபடி அப்ளை பண்ணி வாங்கினது. இது செல்லும்தானே?"

"நல்லாச் செல்லும்" என்றேன். ஒவ்வொரு காகிதத்தையும் மறுபடி விண்ணப்பித்து வாங்கிய அந்த மனிதரிடம், இன்னொரு முறை விண்ணப்பிக்கச் சொல்லி ஒரு வரி எழுதியவள் நான். பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டேன்.

எழுந்து போகும்போது சிரித்துக்கொண்டே கேட்டார். "மேடம், அந்த மன அறிவியல்னு போட்டது யாரு? எங்க வீட்டுல அதப் படிச்சிட்டு எல்லாரும் சிரிச்சோம்."

"அச்சாபீஸ்ல" என்றேன். ஒரு கோப்புக்கு ஓர் உண்மை போதும் என்று தோன்றியது.

அவர்தான் தேர்வானார். ஆட்சிக்குழு ஒப்புதல் வந்து, நியமன ஆணை போன அன்று, ஹாஜா சார் துபாய் அண்ணன் கொடுத்த பேரீச்சம்பழப் பெட்டியைப் பிரிவில் வைத்துத் திறந்தார். எதற்கென்று யாரும் கேட்கவில்லை.

வருடங்கள் ஓடின. ஹாஜா சார் ஓய்வு பெற்று ஊருக்குப் போய், கடைசியில் அண்ணன் கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். கடைப் பொருள் பட்டியலையும் கீழேயிருந்துதான் படிக்கிறாராம். முத்துக்குமரன் சார் துறைத் தலைவரானார். வலங்கைமான், நன்னிலம், வேதாரண்யம் என்று ஊர் ஊராகப் போய் மண் எடுத்தார். நல்ல ஆசிரியர். ஆனால் நாற்காலி உயர உயரக் கண்டிப்பும் ஏறியது. மாணவர்கள் அவர் செருப்புச் சத்தத்தைக் கேட்டே வரிசையாக நிற்பார்கள் என்பார்கள்.

நான் கண்காணிப்பாளராகி, ஓய்வு பெறப் போகிற ஆண்டு. அவர் துறைக்கு மறுபடி விளம்பரம் போனது. பரிசீலனைக்குத் துறைத் தலைவர் என்ற முறையில் அவர் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். பக்கத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த பிரியா. ஐந்தாறு விண்ணப்பம் நகர்ந்தது. பிறகு திருவாரூர்ப் பக்கத்துப் பெண் ஒருவரின் விண்ணப்பம். முதல் பக்கத்திலேயே விளம்பர எண்ணில் ஓர் இலக்கம் தவறாக இருந்தது.

"தள்ளிடுங்க மேடம்" என்றார். "ஒரு நம்பரைப் பாத்து எழுதத் தெரியாதவங்க என்ன பாடம் நடத்தப் போறாங்க?"

பிரியா பேனாவை எடுத்துவிட்டாள். காரணக் கட்டத்தில் 'விளம்பர எண் தவறு' என்று எழுதியும்விட்டாள்.

"சார், ஒரு டீ சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

டீ வந்தது. பிரியாவை அடுத்த கட்டு எடுத்துவர அனுப்பிவிட்டு, நான் சொல்ல ஆரம்பித்தேன். பெயர் எதுவும் சொல்லவில்லை. ஓர் ஆள் விண்ணப்பித்தார், பிரிவில் ஒருத்தி புள்ளியைத் தொலைத்தாள், மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லி ஒரு வரி போட்டாள், அந்த ஆள் விண்ணப்பிக்கவே இல்லை, கட்டோடு கட்டாகப் பீரோ மேலே போய்விட்டார் என்று சொல்லிக்கொண்டே போனேன். மனவசியக்காரர் படம் வந்தபோது முத்துக்குமரன் சார் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பீரோ வந்தபோது சிரிப்பு குறைந்தது. கடிதத்தின் கடைசி வரியைச் சொன்னபோது நின்றுவிட்டது.

"மறுவிண்ணப்பமா? அப்படி ஒண்ணு கேட்டிருந்தாங்களா?"

"கேட்டிருந்தோம் சார். அந்த வரியையும் நான்தான் எழுதினேன். அன்னைக்கு உங்ககிட்ட அச்சாபீஸ்னு சொன்னது பொய்."

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை ஆண்டுகள் தன் தகுதியால் மட்டுமே வந்த இடம் என்று நினைத்திருந்த ஒருவருக்கு, நடுவில் ஒரு பீரோவும் இருந்தது என்று சொன்னால் எப்படி இருக்கும்? சொல்லியிருக்கக் கூடாதோ என்று எனக்கே சங்கடமாகிவிட்டது.

"தகுதி உங்களுதுதான் சார். கட்டைப் பிரிச்சது மட்டும்தான் நாங்க" என்றேன்.

"கட்டினதும் நீங்கதானே மேடம்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "இப்படிக் குடுங்க அத."

அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தை வாங்கி இந்த முறை முழுதாகப் படித்தார். நானும், கட்டோடு திரும்பி வந்த பிரியாவும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் பக்கத்தில் முகம் விழுந்தது.

"பிஎச்.டி. இன்னும் முடியல. தீசிஸ் குடுத்திருக்காங்க, வாய்மொழித் தேர்வு நடக்கல. நெட் தேர்வும் எழுதித் தேறல." விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்காவது ஒரு பட்டம் ஒளிந்திருக்காதா என்று தேடுகிற மாதிரி இருந்தது. இல்லை. எங்கள் மூவரில் அதிகம் வருத்தப்பட்டவர் அவர்தான்.

பிரியா எழுதியதை அடித்துவிட்டு, தன் கையாலேயே 'நிர்ணயித்த கல்வித் தகுதி இல்லை' என்று எழுதினார். "பட்டம் வாங்கினதும் அடுத்த தடவ அப்ளை பண்ணலாம்னு லெட்டர்ல ஒரு வரி சேத்துடுங்கம்மா" என்று பிரியாவிடம் சொன்னார். பிறகு மேசையில் இருந்த விண்ணப்பங்களை, ஏற்கெனவே முடித்தவற்றையும் சேர்த்து, மொத்தமாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அன்றைக்கு மூன்று மணிக்கு முடிய வேண்டிய பரிசீலனை ஆறு மணிக்கு முடிந்தது. பிரியா வீட்டுக்குப் போகும் பஸ்ஸை விட்டதற்கு என்னைத்தான் திட்டியிருப்பாள்.

நான் ஓய்வு பெற்றேன். அடுத்த விளம்பரத்துக்கு, அதுதான் காகிதத்தில் வந்த கடைசி விளம்பரம், அந்தத் திருவாரூர்ப் பெண் மறுபடி விண்ணப்பித்தார். எனக்கெப்படித் தெரியும் என்றால், முத்துக்குமரன் சார் போன் செய்தார்.

"மேடம், பட்டம் வாங்கிட்டாங்க. நெட்டும் இருக்கு. விளம்பர நம்பரும் சரி. எல்லாம் சரி. கையெழுத்துப் போட மறந்துட்டாங்க."

"ஒரு வாரம் டைம் குடுத்து வந்து போடச் சொல்லுங்க சார். அதுக்கு இடம் இருக்கு. நோட்டு மட்டும் சரியா எழுதிடுங்க."

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். யாரோட பிழைன்னு எழுதணும்?"

"அந்தப் பொண்ணோடதுதான் சார். இந்தத் தடவ நம்மளோடது இல்ல."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. இந்தப் பக்கம் நானும் ஒன்று விட்டேன். எங்கள் இருவருக்கும் அப்படி ஒரு நிம்மதி. அந்தப் பெண் மறுநாளே முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, கேட்ட இடத்தில் ஒன்றும் கேட்காத இடத்தில் இரண்டுமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாராம்.